பேத்தியின் டின்னும் என் தண்ணீரும்

கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய பேக்கரியின் பின்கட்டில், இரும்புக் கடைக்குப் போகவிருந்த கொதிகலனை வாங்கிப் பற்றவைத்து, பற்றரிகளுக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீர் வடிக்கத் தொடங்கியவன் நான். அதற்கு முன் கராஜ் கராஜாக ஏறி இறங்கிப் பற்றரிகளுக்கு அமிலம் ஊற்றினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. சிங்களம் தெருவில் படித்தது, ஆங்கிலம் இன்றுவரை வராது. கலவரத்தில் கடை எரிந்தது; அதே இடத்தில் திரும்பக் கட்டினேன். டீசல் கிடைக்காத காலத்தில் விறகு வைத்து வடித்தேன். பற்றரிக் கடைகள், பல் வைத்தியர்கள், ஆய்வுகூடங்கள் என்று இன்று கொழும்பில் என் கேன் ஏறாத படிக்கட்டு குறைவு. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்று மாடி எழுப்பினேன். மகளை இரசாயனம் படிக்கவைத்து, மேல் மாடியில் உணவுப் பொருள் சோதிக்கிற ஆய்வுகூடம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். மகனைக் கட்டாருக்கு அனுப்பினேன். எவனும் கை கொடுத்துத் தூக்கிவிட்டதில்லை.

இவ்வளவு செய்தவன் ஒரு டின் மாவைப் பார்த்து நடுங்கினேன் என்றால் நம்பமாட்டீர்கள். நடுங்கினேன்.

என் பேத்திக்கு, மகனின் பிள்ளைக்கு, பிறப்பிலேயே ஒரு குறை. புரதம் உள்ள எந்தச் சாப்பாட்டிலும் பெனைல் அலனின் என்று ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. உங்கள் உடம்பும் என் உடம்பும் அதை உடைத்துவிடும். அவள் உடம்பு உடைக்காது. அது இரத்தத்தில் ஏற ஏற மூளை பழுதாகும். ஆகவே பால் இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, பருப்பு இல்லை. சோறுகூட நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும். அந்த ஓர் அமிலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற அமினோ அமிலங்களையெல்லாம் சேர்த்து வெளிநாட்டில் ஒரு மா செய்கிறார்கள். அதுதான் அவளுக்கு இறைச்சி, அதுதான் மீன், அதுதான் தாய்ப்பால்.

அந்த மாவை நான் ஒரு தரம் கரைத்துக் குடித்துப் பார்த்தேன். கருவாடு ஊறவைத்த தண்ணீரில் கசப்பு மருந்தைக் கலந்தது போல. பிள்ளை ஒவ்வொரு வேளையும் முகத்தைத் திருப்பும். மருமகள் பாட்டுப் பாடி, ரயில் காட்டி, அழுது, அழவைத்துத்தான் ஒரு கப் இறக்குவாள். நாங்கள் எல்லோரும் இரண்டாம் மாடியில் ஒன்றாக இருப்பதால் அந்தச் சண்டை எனக்கு ஒவ்வொரு நாளும் கேட்கும்.

வழமையாக வரும் டின்கள் ஒரு முறை தாமதமாயின. எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மருமகள் போனில் தேடி, புறக்கோட்டையில் ஒருவரிடம் அதே பெயர், அதே படம் போட்ட டின் இருப்பதாகக் கண்டுபிடித்து எடுப்பித்தாள். ஒரு காலை அதைத் திறந்து கரைத்தாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் பிள்ளை கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தானாகவே குடிக்கிறாள். குடித்து முடித்துக் கப்பைத் தாயிடம் நீட்டினாள்.

"அம்மா, இன்னும்."

எனக்குச் சந்தோஷம் வந்தது. "பாத்தியா, பேத்திக்கு வாய் பழகிட்டு!" என்று கைதட்டினேன். மருமகளின் முகத்தைப் பார்த்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

"மாமா, இவள் ஒருநாளும் இன்னும் எண்டு கேட்டதில்லை."

விரலில் மாவைத் தொட்டு நாக்கில் வைத்தாள். என்னிடமும் நீட்டினாள். இனிப்பு. மழமழவென்று, தேத்தண்ணிக்குப் போடுகிற பால்மா மாதிரி. 

விற்றவருக்கு உடனே போன் எடுத்தோம். அவர் சிரித்துக்கொண்டே, "மிஸ், ஏக அலுத் ஃபிளேவர் எக" என்றார். புது ஃபிளேவராம். கம்பெனி இப்போது பிள்ளைகள் குடிக்கும்படி ருசி மாற்றியிருக்கிறதாம். அதுவும் நடக்கக்கூடிய காரியம்தான். அதுதான் கொடுமை. பொய் என்று தெரிந்திருந்தால் அந்த நிமிடமே குப்பையில் போட்டிருப்பேன்.

மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரச் சில நாள் ஆகும், அதுவரை சந்தேகமான டின்னைத் தொடவேண்டாம் என்றார் டொக்டர். தொடாமல் எதைக் கொடுப்பது? பழைய டின்னின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. மாவே கொடுக்காமல் வெறும் சோறும் மரக்கறியும் கொடுத்து நாட்களைக் கடத்தவும் முடியாது. புரதம் கிடைக்காவிட்டால் உடம்பு தன் சொந்தச் சதையையே கரைக்கத் தொடங்கும். அதற்குள்ளும் அந்த அமிலம் இருக்கிறது. கொடுத்தாலும் ஆபத்து, கொடுக்காவிட்டாலும் ஆபத்து. நான் கட்டிய மூன்று மாடியில் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க ஒரு கரண்டி சாப்பாடு இல்லை.

மகள் மேலேயிருந்து இறங்கிவந்தாள். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் பாக்கிறன், அண்ணி. எங்கட மெஷின்ல ஓட்டிப் பாத்தா தெரியும்."

அந்த மெஷினைப் பற்றி நான் சொன்னால் உங்களுக்கு விளங்கும். இரும்புக் குழாய் ஒன்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத மணிகளை இறுக்கி நிரப்பியிருக்கிறது. கரைசலை அதற்குள் பம்ப் வைத்துத் தள்ளினால், ஒவ்வோர் அமினோ அமிலமும் அந்த மணிகளில் ஒட்டி ஒட்டி, ஒவ்வொரு வேகத்தில் மறுமுனைக்கு வரும். திரவக் குரோமட்டோகிராபி என்பாள் மகள். பெரிய இடங்களில் சாயம் சேர்த்து ஒளியில் பார்ப்பார்களாம். இவளுடைய மெஷினின் வாசலில் இரண்டு மின்முனைதான். வருகிற தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கும். அமிலம் வரும்போது அளவு மாறும், திரையில் ஓடும் கோட்டில் ஒரு மேடு எழும். கடத்துதிறன். அது என் தொழில்! பற்றரித் தண்ணீர் சுத்தமா இல்லையா என்று பார்க்க நான் சட்டைப் பையில் பேனை மாதிரி ஒரு மீட்டர் வைத்திருக்கிறேனே, அதுவும் இதையேதான் செய்கிறது. சுத்தமான தண்ணீரில் மின்சாரம் ஓடாது. உப்பு ஒரு துகள் விழுந்தால் ஓடும். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்ததன் பாதியை நான் கராஜ் வாசலில் நின்று படித்துவிட்டேன்.

அந்த மாவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, அமிலத்தில் ஒரு நாள் முழுக்கச் சூடாக்கினாள். அப்போதுதான் புரதத்துக்குள் ஒளிந்திருப்பதெல்லாம் உடைந்து வெளியே வருமாம். பழைய டின்னில் கொஞ்சம் சுரண்டி அதையும் அப்படியே செய்தாள். "பிள்ளையின்ட சாப்பாட்டிலயா சுரண்டுறாய்?" என்று கேட்டேன். "அது இல்லாட்டி எதோட ஒப்பிடுறது, அப்பா?" என்றாள்.

மறுநாள் பகல் மெஷினை ஓட்டினாள். முதலில் மாவே போடாத வெறும் தண்ணீர். கோடு நேராகப் போக வேண்டும். போகவில்லை. ஏறியது, இறங்கியது, மேடு மேடாக வந்தது. ஒரு மேடு பெனைல் அலனின் வருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே.

"வெறும் தண்ணிக்குள்ள எப்படி வரும்?" என்றேன்.

"வரக்கூடாது. அதுதான் பயமா இருக்கு. இப்பிடி ஆடினா மாவை ஓட்டியும் பிரயோசனமில்ல. மேடு மாவிலயா, தண்ணியிலயா எண்டு எப்பிடிச் சொல்றது?"

கடல் காற்று என்று முதலில் நினைத்தோம். எங்கள் ஒழுங்கையில் ஜன்னல் கம்பி ஒரு வருடம் தாங்காது, உப்பு தின்றுவிடும். எல்லா ஜன்னலையும் அடைத்தோம், துணி செருகினோம். கோடு அப்படியே ஆடியது. குழாய்களைக் கழுவினாள். கையுறையை மாற்றினாள். விரல் வியர்வையிலும் அமினோ அமிலம் இருக்கிறதாம், என்னைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னாள். என் சொந்தக் கட்டிடத்தில்! நின்றேன். அப்போதும் ஆடியது.

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, கோவிக்காதீங்க. தண்ணிதான்."

"எந்தத் தண்ணி?"

"உங்கட தண்ணி."

 நாற்பது வருடமாக ஒரு பற்றரிக்காரன்கூட என் கேனைத் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் எனக்கு வந்தது கோபமில்லை, பயம். என் தண்ணீர் கெட்டிருந்தால் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்று தெரிய வழியில்லை. கட்டிய எல்லாவற்றுக்கும் கணக்கு இங்கே வந்து நின்றுவிட்டதோ என்று தோன்றியது.

முச்சக்கர வண்டி பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தாங்கியைத் திறந்து பேனை மீட்டரை விட்டேன். பூச்சியம். கேன் நிரப்புகிற குழாயில் பிடித்துப் பார்த்தேன். பூச்சியம். லொறி ஓட்டுகிறவரைப் பிடித்துத் திட்டினேன். வழியில் எங்காவது பைப் தண்ணீர் கலந்தாயா என்று. அவர் மாதா மேல் சத்தியம் பண்ணினார். புதுக் கேன் ஒன்றை என் கையாலேயே நிரப்பி, மூடிக்கு முத்திரை நாடா சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். படியேறும்போது, ஆய்வுகூடத்துக்கு வெளியே இருந்த பழைய கேனைத் திறந்து மீட்டரை விட்டேன். எண் குதித்தது.

"கள்ளன் வீட்டுக்குள்ளதான்!" என்று கத்தினேன். "ஆர் இந்தக் கேனைத் திறந்தது? ஆர் என்ட பேரைக் கெடுக்கிறது?"

மருமகள் படியில் நின்றாள். பிள்ளை அவள் தோளில் நித்திரை.

"மாமா, ஒருத்தரையும் ஏசாதேங்கோ. நான்தான்."

"நீ என்ன செய்தனி?"

"தீர்த்தம் ஊத்தினனான். அந்தோனியார் கோயில்ல இருந்து கொண்டுவந்தது. இந்தச் சோதினை நல்லதா வரவேணும் எண்டு. மேல போற ஒவ்வொரு கேனுக்குள்ளயும் கொஞ்சம்."

எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகளில் தீர்த்தம் போத்தலில் எப்போதும் இருக்கும். புது வண்டி வாங்கினால் தெளிப்போம். காய்ச்சல் என்றால் நெற்றியில் தடவுவோம். கிணறு வெட்டினால் முதலில் அதில் ஊற்றுவோம். இவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், அங்கேயும் அப்படித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"ஐயோ அண்ணி, அதுக்குள்ள உப்பெல்லோ!"

"ஓம், உப்புப் போட்டுத்தானே பாதர் மந்திரிக்கிறவர்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்த உப்பை ஆசீர்வதிக்கும்போது முழந்தாளிட்டு நின்றிருக்கிறேன். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தே பிழைத்தவன். ஒரு நாளும் இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா, உங்கட தண்ணியைத் தோற்கடிக்க அந்தோனியாரே வரவேண்டியிருக்கு!"

மருமகள் சிரிக்கவில்லை. அழத் தொடங்கினாள். "நான் கும்பிட்டதே பிள்ளைக்கு வினையாப் போச்சு. இப்ப தீர்த்தம் இல்லாமச் செய்தா என்ன வருமோ, மச்சாள்? எனக்குப் பயமாக் கிடக்கு."

அந்தப் பயத்தை நான் பழித்துப் பேச மாட்டேன். எனக்கும் அதே பயம் இருந்தது. என் கையில் முத்திரை சுற்றிய கேன் கனத்தது.

"மூடிக்கு வெளியால சிலுவை போட்டுவிடு," என்றேன். "உள்ள ஒண்டும் விழாம."

"வெறும் விரலால வேணாம்," என்றாள் மகள். உள்ளே போய் ஒரு சோடிக் கையுறை கொண்டுவந்தாள்.

மருமகள் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, நீலக் கையுறை போட்ட விரலால் என் கேன் மூடியில் மெதுவாகச் சிலுவை வரைந்தாள். நான் எத்தனையோ கோயில் திறப்பு விழாவுக்கு முன்வரிசையில் இருந்திருக்கிறேன். அதற்கெல்லாம் உருகாத நெஞ்சு இதற்கு உருகியது.

கரைசல்களையெல்லாம் புதுத் தண்ணீரில் திரும்பச் செய்து, மெஷினை நெடுநேரம் கழுவவிட்டு, வெறும் தண்ணீரை ஓட்டினாள். கோடு நூல் பிடித்தது போல் போனது. அந்த நேரத்திலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, மறைக்க மாட்டேன். பிறகு தூய பெனைல் அலனின் கொஞ்சம் விட்டு, மேடு எந்த இடத்தில் வருகிறது என்று திரையில் காட்டினாள். "இந்த இடத்தை மட்டும் பாருங்க." பிறகு பழைய டின். மேடுகள் வரிசையாக வந்தன. அந்த இடம் வந்தபோது கோடு தரையோடு படுத்துக்கொண்டு போனது. மருமகள் மூச்சு விட்டாள்.

பிறகு புது டின்.

கலவரத்தன்று கடைக்குத் தீ வைத்தபோது பக்கத்துக் கூரையில் ஒளிந்திருந்து பார்த்தவன் நான். அமிலத் தாங்கி வெடித்து காலில் தெறித்தபோது தனியாக ஆஸ்பத்திரிக்கு நடந்தவன். அன்று அந்தத் திரைக்கு முன் இருந்த இருப்பு அதற்கெல்லாம் மேல். மேடு வரக்கூடாது என்று வேண்டினேன். வராவிட்டால் மா நல்லது, பிள்ளைக்குச் சாப்பாடு இருக்கிறது. வந்தால் அவள் ருசித்துக் குடித்த அந்த ஒரு கப் விஷம், நாளைக்குக் கொடுக்கவும் ஒன்றுமில்லை. பிள்ளை என் மடியில் விழித்துக்கொண்டு திரையைப் பார்த்துக் கைகாட்டினாள். "தாத்தா, மலை." முதல் மேடு. இரண்டாவது. கோடு கீழே இறங்கியது. அந்த இடம் நெருங்கியது.  கீழே கடற்கரைப் பாதையில் ரயில் போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

கோடு எழுந்தது.

"ரயில் அதிர்ச்சியா இருக்கும்," என்றேன். 

மகள் திரும்ப ஓட்டினாள். ரயில் இல்லாத நேரம் பார்த்து இன்னொரு முறை ஓட்டினாள். அதே இடம், அதே உயரம்.

"சாதாரண பால்மாதான் இது," என்றாள். "டின் மட்டும்தான் எங்கட மாவின்ட."

மருமகள் அழவில்லை. டின்னை எடுத்து மூடி, பையில் போட்டுக் கட்டினாள். பிறகு போனை எடுத்தாள். இதே குறையுள்ள பிள்ளைகளின் தாய்மார் சிலர் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவாக இருக்கிறார்கள். மகள் தந்த படத்தை, அந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அனுப்பினாள். பதில்கள் வரத் தொடங்கின. அதே ஆளிடம் அதே டின்னை வாங்கியவர்கள் இருந்தார்கள். ஒருத்தி, பிள்ளை ஆசையாகக் குடிக்கிறது என்று சந்தோஷப்பட்டு எழுதியவள், குரல் செய்தியில் கதறினாள். எனக்குக் கேட்க முடியவில்லை, வெளியே போய் நின்றேன். கல்கிசையில் இருந்த ஒரு தாய் தன் பிள்ளையின் நல்ல டின்னில் பாதியை முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து தந்தாள். வாசலில் நின்றபடியே தந்துவிட்டு ஓடினாள், தன் பிள்ளைக்கு நேரமாகிறது என்று.

அதைக் கரைத்துக் கொடுத்தபோது பேத்தி முகத்தைத் திருப்பினாள், துப்பினாள், காலால் உதைத்தாள். மருமகள் ரயில் காட்டி அழுதழுது இறக்கினாள். அந்தச் சண்டைச் சத்தம் கேட்டுக்கொண்டு நான் படியில் இருந்தேன். அதைப் போல இனிமையான சத்தம் கேட்டதில்லை. இரத்த முடிவு கொஞ்சம் ஏறியிருந்தது. பிறகு எடுத்ததில் இறங்கியிருந்தது. வழமையான டின்களும் வந்து சேர்ந்தன. ஆனாலும் இன்றைக்கும் அவள் ஏதாவது ஒன்றை விரும்பிச் சாப்பிட்டு "இன்னும்" என்றால், வீட்டில் எல்லோருடைய கையும் நின்றுவிடுகிறது.

அந்தத் தாய்மாரெல்லாம் சேர்ந்து முறைப்பாடு கொடுத்தார்கள். மகள் அதனுடன் வைக்க ஓர் அறிக்கை எழுதினாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னேன். மெஷின் எந்த வகை என்று இருந்தது. குழாய் எந்த வகை, அமிலம் எவ்வளவு நேரம், சோதித்தவர் யார், எல்லாம் இருந்தது. தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு சொல்: வடித்த நீர்.

"இது என்ன, மழை மாதிரி தானா வந்து விழுந்ததா?" என்றேன்.

"அப்பா, அப்பிடித்தான் எழுதுறது. ஆர்ர தண்ணி எண்டு ஒருத்தரும் போடுறதில்ல."

"ஒருத்தரும் போடாட்டி நீ போடு."

அவள் சிரித்துவிட்டுப் போனாள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. அந்தக் கோடு நேராகப் போனதால்தான் அந்த மேடு தெரிந்தது. கோடு நேராகப் போனது என் தண்ணீரால். ஆடுகிற கோட்டில் அந்தப் பொய் மா நல்ல மாவாகக் கடந்து போயிருக்கும், எத்தனை வீட்டில் பிள்ளைகள் கப்பை நீட்டி இன்னும் கேட்டிருப்பார்கள். மகளின் படிப்புக்கு அவள் பெயர் போகட்டும். மருமகளின் நாக்குக்கு, அவளுடைய பயத்துக்கு, அவள் பெயர் போகட்டும். முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். ஆனால் அந்த அறிக்கை இன்னொரு முறை அச்சாகும்போது, வடித்த நீர் என்ற இடத்தில், கொட்டாஞ்சேனையில் இதை வடித்தவன் யார் என்று எழுதியிருக்க வேண்டும். முழுப் பெயரோடு, மற்றவர்களுடைய பெயர் இருக்கிற அதே அளவு எழுத்தில். சின்ன எழுத்தில் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.